கருந்துளையை ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை நிமிடம்? கால்குலேட்டரில் போட்டுப் பார்க்கலாம்

பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் டியூஷன் எடுக்கிறேன். கருந்துளை என்று சொன்ன உடனே, "எல்லாத்தையும் உறிஞ்சிடும் சார்" என்பார்கள். கால்குலேட்டரை எடுக்கச் சொல்லிவிடுவேன். பக்கத்தில் வரும் வாயு நேராகப் போய் விழுவதில்லை, முதலில் சுற்றும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று கண்டுபிடிக்க வர்க்கமூலப் பொத்தான் ஒன்று இருந்தால் போதும்.

பால்வெளியின் நடுவில் இருக்கும் சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்ற கருந்துளையை எடுத்துக்கொள்வோம். நிறை சுமார் 43 லட்சம் சூரியன். ஒரு சூரிய நிறைக்குரிய நீளம் (ஈர்ப்பு மாறிலியை நிறையால் பெருக்கி, ஒளிவேகத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது) 1.477 கிலோமீட்டர். அதை ஒளி கடக்க 4.925 மைக்ரோ விநாடி. இரண்டையும் 43 லட்சத்தால் பெருக்குங்கள்: 63.5 லட்சம் கிலோமீட்டர், 21.2 விநாடி. அந்த 63.5 லட்சத்துக்கு போர்டில் 'ஒரு முழம்' என்று பெயர் வைத்துவிடுவேன். அதன் பிறகு கிலோமீட்டரை மறந்துவிடலாம்.

வாயு எவ்வளவு கிட்டே போகலாம்? சுழலாத கருந்துளை என்றால் மையத்திலிருந்து 6 முழம். அதற்கும் உள்ளே நிலையான வட்டப்பாதை கிடையாது, சரிந்து விழுந்துவிடும். சுழலும் கருந்துளைக்கான தீர்வை ராய் கெர் 1963-இல் கொடுத்தார். சுழற்சிக்கு 0 முதல் 1 வரை ஓர் எண் போடுவது வழக்கம். துளை சுழலும் திசையிலேயே வாயுவும் போனால், 0.9-க்கு 2.32 முழம் வரை நெருங்கலாம். 1-க்கு ஒரே முழம். அதே 1-க்கு எதிர்த்திசையில் போனால் 9 முழத்திலேயே பாதை முடிந்துவிடும்.

இனி கணக்கு. முழ எண்ணை அதன் வர்க்கமூலத்தால் பெருக்கி, சுழற்சி எண்ணைக் கூட்டுங்கள் (எதிர்த்திசை என்றால் கழியுங்கள்). வந்ததை 6.283-ஆலும் 21.2-ஆலும் பெருக்குங்கள். நாம் இங்கிருந்து பார்க்கும்போது ஆகும் நேரம், விநாடியில் வரும். 6 முழம், சுழற்சி 0: முப்பத்திரண்டரை நிமிடம். 2.32 முழம், சுழற்சி 0.9: பத்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு.

முதல் வருஷம் இந்தக் கூட்டலையே நான் விட்டுவிட்டேன். சுழற்சி 1, தூரம் 1 முழம், விடை 133 விநாடி என்று போர்டில் பெருமையாக எழுதி அடிக்கோடும் போட்டேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண், "சார், இதுல சுழற்சி எங்க இருக்கு?" என்றாள். இல்லைதான். கூட்டினால் சரியாக இரண்டு மடங்கு, 266 விநாடி.

அன்றைக்குத்தான் எனக்கே உறைத்தது. அதே 6 முழத்தில் சுழற்சியை 0.9 ஆக்கிப் பாருங்கள்: 34.6 நிமிடம், அதாவது இரண்டு நிமிடம் கூடுதல்! சுழற்சி வாயுவை விரட்டி ஓட்டுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறோம். கிட்டே போக இடம் கொடுப்பதுதான் அதன் பெரிய வேலை. கிட்டே போனதால் வருவது அந்த வேகம்.

கணக்கைத் திருப்பியும் போடலாம். 2018-இல் சிலியின் பாரனல் மலையிலுள்ள, பல தொலைநோக்கிகளின் ஒளியை இணைத்துப் பார்க்கும் கிராவிட்டி கருவி, சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் அருகே மூன்று வெடிப்பொளிகள் (திடீர்ப் பளிச்சிடல்கள்) கடிகாரத் திசையில் வளைந்து போவதைப் பார்த்தது. வேகம் ஒளியில் சுமார் 30 சதவீதம், ஒரு சுற்று 45 நிமிடம், பதினைந்து நிமிடம் முன்னே பின்னே. 2700 விநாடியை 21.2-ஆலும் 6.283-ஆலும் வகுத்தால் 20.27. சுழற்சி எண்ணைக் கழித்து, மூன்றில் இரண்டு அடுக்குப் போடுங்கள். சுழற்சி 0 என்றால் 7.4 முழம், 0.9 என்றால் 7.2. அந்தப் பதினைந்து நிமிடப் பிழையோ 5.7-லிருந்து 9 முழம் வரை இழுத்துவிடுகிறது. ஆக, இந்த நேரத்தை மட்டும் வைத்துச் சுழற்சியைச் சொல்ல வழியில்லை.

எம்87 என்ற வேறொரு விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருக்கும் கருந்துளைக்கு நிறையை 650 கோடி சூரியன் என்று மாற்றுங்கள். 21.2 விநாடி இருந்த இடத்தில் 8.9 மணி நேரம் வரும். 6 முழத்தில் ஒரு சுற்றுக்கு 34 நாள். 2017 ஏப்ரலில் இரண்டையும் படமெடுத்தார்கள். ராத்திரி முழுக்க அசையாமல் 'போஸ்' கொடுத்த எம்87 படம் 2019-இல் வெளிவந்தது. நிமிடக் கணக்கில் மாறிக்கொண்டிருந்த நம்முடையது 2022 மே மாதம்தான் வந்தது.