ஸ்பாப் பிறழ்ந்தால் யுபிக்விட்டின் ஒட்டுவது குறைகிறதா? செல்லில் சோதிக்கும் முறை

புரோஸ்டேட் புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றில் ஸ்பாப் மரபணு பிறழ்ந்திருக்கிறது. யுபிக்விட்டின் என்ற சிறு புரதத்தை ஒட்டும் கல்3 நொதித் தொகுதிக்கு இரையைப் பிடித்துக் கொடுப்பது ஸ்பாப் புரதத்தின் வேலை. அது பிடித்த புரதத்தில் யுபிக்விட்டின் சங்கிலி ஏறும்; செல்லின் புரதச் சிதைப்பு இயந்திரமான புரோட்டியசோம் அதைச் சிதைக்கும். பிறழ்வுகள் பெரும்பாலும் இரையைப் பிடிக்கும் பள்ளத்தில்தான் விழுகின்றன. அதனால் பிஆர்டி4, டெக், டிரிம்24 போன்ற இரைப் புரதங்கள் அழியாமல் குவிகின்றன.

இந்தச் சோதனையை முதல் முறை செய்பவர்கள் இரையாக டெக்கை எடுப்பது நல்லது. பிஆர்டி4 மிகப் பெரிது. யுபிக்விட்டின் சங்கிலிகள் ஏறியதால் நீண்டு பரவும் அதன் தீற்றல் ஜெல்லின் உச்சியிலேயே தேங்கிவிடும்.

10 செ.மீ. தட்டில் ஹெக்293டி என்ற மனித ஆய்வகச் செல்களுக்கு ஃபிளாக்-டெக் 3, எச்ஏ-யுபிக்விட்டின் 2, மிக்-ஸ்பாப் 2 மைக்ரோகிராம் பிளாஸ்மிட் டிஎன்ஏ கொடுங்கள் (ஃபிளாக், எச்ஏ, மிக் ஆகியவை ஆன்டிபாடியால் அடையாளம் காண ஒட்டும் சிறு துண்டுகள்). ஸ்பாப்புக்கு மூன்று தட்டுகள்: வெற்று வெக்டர், இயல்பானது, எஃப்133வி என்ற பிறழ்வு. எச்ஏ-யுபிக்விட்டின் இல்லாத நான்காவது தட்டும் கட்டாயம். எல்லாத் தட்டிலும் மொத்த டிஎன்ஏ அளவு ஒன்றாக இருக்கட்டும். சுமார் 40 மணி நேரம் கழித்து புரோட்டியசோமைத் தடுக்கும் எம்ஜி132, 10 மைக்ரோமோலார், 5 மணி நேரம். இரவு முழுக்க விட்டால் செல்கள் செத்து மிதக்கும்.

பலர் சறுக்குவது செல்லை உடைக்கும் இடத்தில். மென்மையான பஃபரில் உடைத்தால் டெக்கோடு ஒட்டி வரும் வேறு புரதத்தின் யுபிக்விட்டினும் சேர்ந்து தெரியும். தீற்றல் யாருடையது என்று சொல்ல முடியாது. ஆகவே புரதங்களின் பிணைப்பை அறுக்கும் 1% எஸ்டிஎஸ், 10 மில்லிமோலார் என்இஎம் கலந்த பஃபரை ஊற்றிச் சுரண்டி, உடனே 95 டிகிரியில் 10 நிமிடம் வையுங்கள். என்இஎம் யுபிக்விட்டினைக் கழற்றும் நொதிகளை முடக்கும். அதை எத்தனாலில் அன்றன்றே கரைக்க வேண்டும். இந்தப் பஃபரில் டிடிடி என்ற ஒடுக்கியைச் சேர்த்தால் அதனோடு வினைபுரிந்து என்இஎம் வீண். டிஎன்ஏவால் கோழை போல இழுத்தால் சோனிகேட் செய்யுங்கள் (ஒலியலையால் உடையுங்கள்).

பிறகு 1% டிரைட்டான் பஃபரால் பத்து மடங்கு நீர்க்கச் செய்யாவிட்டால், மிஞ்சும் எஸ்டிஎஸ் ஆன்டிபாடியைக் கெடுத்துவிடும். ஃபிளாக் ஆன்டிபாடி பூசிய மணிகளுடன் 4 டிகிரியில் இரவு முழுக்கச் சுழற்றி, 500 மில்லிமோலார் உப்பில் கழுவி, 8% ஜெல்லில் ஓட்டி, எச்ஏ ஆன்டிபாடியால் பாருங்கள்.

டெக்கின் பட்டைக்கு மேலே தீற்றல் எழும்: இயல்பான ஸ்பாப்பில் அடர்த்தியாக, எஃப்133வியில் மங்கலாக. சில சமயம் வெற்று வெக்டரை விடவும் மங்கும். பிறழ்ந்த ஸ்பாப், செல்லின் சொந்த ஸ்பாப்போடு ஜோடி சேர்ந்து அதையும் கெடுப்பதால் வருவது அது. சோதனைப் பிழையென்று தூக்கிப்போட வேண்டாம்.