எத்தனால் பெட்ரோல்: மேலே ஊற்றுவதும் தண்ணீர் பிரிவதும்

பெட்ரோல் பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலின் எடையில் ஏறக்குறைய 35 சதவீதம் ஆக்சிஜன். எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனில் ஒரு பகுதி எரிபொருளுக்குள்ளேயே வந்துவிடுவதால் கார்பன் மோனாக்சைடு குறைகிறது. அதன்மேல் "புகை குறையும், பிக்கப் ஏறும்" என்று பெட்ரோலில் கலக்கும் அடிட்டிவ் பாட்டிலை ஊற்றுவது வீண் செலவு. ஸ்பிரிட், சானிடைசர் ஊற்றுவது அதைவிட மோசம். அவற்றில் தண்ணீரும் இருக்கிறது.

சாதாரண பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும்; இந்தக் கலவைக்கு 13.5 அளவில் போதும். ஆக்சிஜன் சென்சார் உள்ள எஃப்ஐ (ஃபியூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டி பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டர் வண்டி கூட்டாது. பிளக் வெளுத்து, ஆக்சிலேட்டரைத் திருகினால் திணறும். உடனே கார்புரேட்டரின் மிக்ஸர் ஸ்க்ரூவைத் திருகுவார்கள். அது ஐடிலுக்கு மட்டும்தான். ஓட்டத்தில் திணறினால் மெயின் ஜெட்டைத்தான் (ஓட்டத்தில் பெட்ரோலை அளந்து விடும் துளை) பார்க்க வேண்டும். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் வெளியே திருகத் திருகக் காற்று கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் பெட்ரோல் கூடும். இதை மாற்றிப் புரிந்துகொண்டு கெடுத்த கார்புரேட்டர்கள் ஏராளம்.

மைலேஜ் கொஞ்சம் குறைவது கோளாறு அல்ல. லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலில் சக்தி மூன்றில் ஒரு பங்கு குறைவு.

பெரிய சேதம் தண்ணீரால்தான். பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னந்தோப்பில் புல் வெட்டும், பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ-ஸ்ட்ரோக் மெஷினை பாதி டேங்க் பெட்ரோலோடு சாளையில் (தோட்டத்துக் கொட்டகையில்) போட்டுவிட்டு, தென்மேற்கு மழை ஓய்ந்ததும் எடுப்பார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனி அடுக்காக இறங்கிவிடும். லிட்டருக்கு 20 மில்லி என்று அளந்து ஊற்றிய ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஸ்டார்ட் ஆனாலும் ஆயில் இல்லாமல் ஓடிப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். குலுக்கிப் பயனில்லை, அந்தப் பெட்ரோலைக் கொட்டிவிட வேண்டியதுதான். ஒரு மாதத்துக்கு மேல் சும்மா கிடக்குமென்றால் டேங்கைக் காலி செய்து, இன்ஜின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள்.

எத்தனால் எவ்வளவு என்று பார்க்க, அளவுக்கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் 20 மில்லி தண்ணீர், 80 மில்லி பெட்ரோல் ஊற்றி, மூடிக் குலுக்கி, பத்து நிமிடம் நிற்க விடுங்கள். அடி அடுக்கு சுமார் 36 மில்லிக்கு ஏறினால் 20 சதவீதக் கலவை. வெயிலில், அடுப்புப் பக்கத்தில் செய்யக்கூடாது. சோதித்த பெட்ரோலைத் திரும்ப டேங்கில் ஊற்றவும் கூடாது.

பழைய மொபெட்டின் ரப்பர் பெட்ரோல் டியூபை விரலால் நசுக்கிப் பாருங்கள். உப்பியோ, பிசுபிசுப்பாகவோ, வெடித்தோ இருந்தால் அன்றே மாற்றுங்கள். வாங்கும்போது எத்தனாலுக்குத் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள்.