சின்ன ஜெட்டுக்கு ஹெட்செட் வாங்கப் போகிறீர்களா?

செஸ்னா 172 என்ற புரொப்பெல்லர் விமானத்தில் பயிற்சி முடித்து சைட்டேஷன் எம்2 போன்ற சின்ன ஜெட்டுக்கு மாறுகிறவர்கள், பழைய ஹெட்செட்டையே கையோடு கொண்டுவருவது வழக்கம். வேலை செய்யும்தான். ஆனால் ஜெட்டின் சத்தம் வேறு ரகம்.

முதலில் அந்தச் சத்தத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். 172-இல் இன்ஜினும் புரொப்பெல்லரும் மூக்கிலேயே இருப்பதால் 'கும்'மென்ற அடித்தொண்டை இரைச்சல். எம்2-வில் இன்ஜின்கள் இரண்டும் வால் பக்கம். காக்பிட்டில் அதிகம் கேட்பது முன்கண்ணாடியை உரசிப்போகும் காற்றின் 'உஸ்ஸ்'. இரைச்சலுக்கு நேர் எதிரான ஒலி அலையை எழுப்பி அதை அமுக்கும் ஏ.என்.ஆர். நுட்பம் 'கும்'மிடம்தான் கெட்டிக்காரத்தனம் காட்டும். 'உஸ்'ஸைத் தடுப்பது பெரும்பாலும் காதை அடைக்கும் மெத்தைதான். மொத்தச் சத்தமும் குறைவு என்பதால், காதை முழுக்க மூடும் 340 கிராம் போஸ் ஏ20 போன்ற பெரிய ஹெட்செட்டுக்குப் பதில், அதே கம்பெனியின் காதுக்குள் செருகும் 127 கிராம் ப்ரோஃப்ளைட் சீரிஸ் 2 போதும் என்பவர்கள் உண்டு. நானும் அந்தக் கட்சி.

அடுத்து பிளக். இருக்கை ஓரம் உள்ள சாக்கெட்டை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். பருமனும் மெல்லியதுமாக இரண்டு ஓட்டைகள் என்றால் சாதாரண இரட்டை பிளக். லெமோ எனப்படும் ஆறு முள் இணைப்பு இருந்தால் விமானத்திலிருந்தே மின்சாரம் வரும். பேட்டரித் தொல்லை இல்லை.

சரி, பலர் மறக்கும் விஷயம் ஆக்சிஜன் மாஸ்க். அமெரிக்க விதிப்படி 35,000 அடிக்கு மேல் தனியாக ஓட்டுபவர் மாஸ்க் போட்டே பறக்க வேண்டும். மற்ற நேரங்களில், விமானத்துக்குள் காற்றழுத்தம் போய்விட்டால் ஒரே கையால், ஐந்தே விநாடியில் முகத்தில் ஏறும்படி மாஸ்க் அமைத்திருப்பார்கள். தலையில் பெரிய காது கப் இருந்தால், அதைக் கழற்றி, மாஸ்க் போட்டு, மறுபடி மாட்ட வேண்டும். ஆகவே தரையில் நிற்கும்போதே, பயிற்சியாளரை அருகில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். மூக்குக்கண்ணாடி தெறிக்கிறதா, வயர் மாஸ்க் பட்டையில் சிக்குகிறதா? முதல் முறை எனக்கு இரண்டுமே நடந்தது.

அப்புறம் மூக்குக்கண்ணாடி. தடித்த பிரேம் மெத்தையைத் தூக்கிவிடும். அந்த இடுக்கில் 'உஸ்' உள்ளே வரும். பறக்கும்போது கப்பை விரலால் லேசாக அழுத்துங்கள். சத்தம் சட்டென்று குறைந்தால் அங்கே கசிவு இருக்கிறது. மெல்லிய காம்பு உள்ள பிரேமுக்கு மாறுவது ஹெட்செட்டை மாற்றுவதைவிட மலிவு.

புளூடூத் இருந்தால் நல்லது, அதற்காக விலை ஏற்றிக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக, திருப்பித் தர அவகாசம் எத்தனை நாள் என்று கேட்டு வாங்குங்கள். கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தால் எல்லாமே சுகமாகத்தான் இருக்கும். வீட்டில் இரண்டு மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்காருங்கள். உச்சந்தலையில் வலி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதுவரை அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.