குப்பைப் புகைக்கு மனு: மதுரையில் யாரிடம், எப்படி

'எங்கள் பகுதியில் காற்று மாசு அதிகம்' என்று மனு கொடுத்தால் அது மேசைக்கு மேசை நகரும், அவ்வளவுதான். காற்றுக்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். எரிகிற இடத்துக்குப் பொறுப்பாளி உண்டு. ஆகவே முதலில் இடத்தைப் பிடியுங்கள்.

ஒரு வாரம் தேதி, மணி, இடம், எரிந்த பொருள் நான்கையும் ஒரு நோட்டில் குறியுங்கள். கண்மாய்க் கரை, காலி மனை என்றால் விடியலில் போய்ப் பாருங்கள். மார்கழி, தையில் தரையோரக் குளிர்ந்த காற்று மேலே எழாது. அந்த நேரத்துப் புகை தெருவிலேயே தங்கும். எட்டு, ஒன்பது மணிக்குப் போனால் சாம்பல்தான் மிஞ்சும், சாம்பல் படத்துக்கு மதிப்பில்லை. தேதியும் இருப்பிடமும் படத்திலேயே பதியும் கேமரா ஆப்பில் இரண்டு படம் எடுங்கள். கிட்டத்தில் ஒன்று: பாலிதீன், டயர், சருகு பிரித்துத் தெரியவேண்டும். தள்ளி நின்று ஒன்று: தெருவிளக்குக் கம்ப எண்ணோ கடைப் பலகையோ விழவேண்டும். தீ வைப்பவர் தூய்மைப் பணியாளராக இருந்தால் முகத்தை எடுக்காதீர்கள். சருகை அள்ளிப்போக வண்டி வராததால்தான் பெரும்பாலும் கொளுத்துகிறார்கள். கேட்கவேண்டியது வண்டியை, அவர் வேலையை அல்ல.

தெருக் குப்பை, சாலைப் புழுதி மாநகராட்சியின் பொறுப்பு: மண்டல அலுவலகம், வார்டு சுகாதார ஆய்வாளர். ஆலை, செங்கல் சூளைப் புகை என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகம். வண்டிப் புகைக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் (ஆர்டிஓ). மூன்றையும் ஒரே மனுவில் கலந்தால் மூவரும் தட்டிக்கழிப்பார்கள்.

மனு ஒரு பக்கம் போதும். திறந்தவெளியில் குப்பை எரிப்பதற்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் தடை விதித்ததையும், சாதாரண எரிப்புக்கு 5,000 ரூபாய், பெருமளவு எரிப்புக்கு 25,000 ரூபாய் அபராதம் என்று அது சொன்னதையும் ஒரே வரியில் எழுதுங்கள். கோரிக்கை எண்ணிப் பார்க்கும்படி இருக்கட்டும்: குவியலை அகற்றுவது, வண்டி வரும் நேரம், அபராத ரசீது. திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலோ முதல்வரின் உதவி மைய எண் 1100-லோ பதிந்து, மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள். 'நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று மூடிவிட்டால், அந்த எண்ணைக் காட்டிப் புதுப் படத்தோடு மறுபடி கொடுங்கள்.

'வாரியக் கணக்கில் மதுரைக் காற்று நல்லாத்தானே இருக்கு' என்று சொல்வார்கள். கையால் மாதிரி எடுக்கும் நிலையங்களில் வாரம் இரண்டு நாள், ஆண்டுக்கு 104 நாள்தான் அளவு. உங்கள் தெருவின் விடியற்காலைப் புகை அதில் சிக்காது. பிஎம் 2.5 எனும் நுண்துகளை அளக்கும் கையடக்க மீட்டர் இருந்தால் சமையலறையை விட்டு விலகி, ஆள் உயரத்தில் மாட்டுங்கள். இந்திய வரம்பு 24 மணிநேர சராசரிக்கு 60 மைக்ரோகிராம், கன மீட்டருக்கு. ஐந்து நிமிட உச்சத்தை அதோடு ஒப்பிட்டால் உங்கள் வாதம் அங்கேயே விழும். பனி, மழை ஈரத்தில் இந்த மாதிரி லேசர் மீட்டர் கூட்டிக் காட்டும். அதனால் எந்த மணியில் ஏறுகிறது என்பதை மட்டும் மனுவில் எழுதுங்கள், அதுவே போதும்.

பதில் வராவிட்டால் தகவல் உரிமை மனு. 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள். 'ஏன் செய்யவில்லை?' என்று கேட்டால் அது தகவல் இல்லை என்று திருப்புவார்கள். 'இந்த வார்டில் குப்பை எரித்ததற்குப் போட்ட அபராத ரசீதுகளின் நகல்' என்று கேளுங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பரில் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்ந்துவிட்டது. ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால், அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்து மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதவேண்டும்.