பழைய ஹை-ஃபை செட்டை ரிப்பேர் செய்யலாமா? முடிவெடுக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல வருடம் மூலையில் கிடந்த ஆம்ப்ளிஃபயரைத் தூசு தட்டி எடுத்ததும் நேராக ப்ளக்கில் சொருகிப் பார்க்கிறோமே, அதுதான் முதல் தவறு, இருப்பதிலேயே பெரிய தவறும் அதுதான். உள்ளே மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்கள் நீண்ட நாள் கரண்ட் பார்க்காமல் இருந்தால் பலவீனமாகிவிடும், திடீரென்று முழு வோல்டேஜ் ஏறினால் தான் கெடுவதோடு நிற்காமல் பக்கத்தில் நன்றாக இருந்த பாகங்களையும் கூட்டிக்கொண்டு போகும். விவரம் தெரிந்த மெக்கானிக் பழைய குண்டு பல்பு ஒன்றை செட்டுக்குக் கரண்ட் போகும் வழியில், அதாவது சீரிஸில் போட்டுத்தான் ஆன் செய்வார். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி. மங்காமல் அப்படியே எரிந்தால் உள்ளே ஷார்ட், அதோடு நிறுத்திவிட வேண்டும். ஆன் செய்வதற்கு முன்பே பின்பக்கம் எழுதியிருக்கும் வோல்டேஜையும் படித்துவிடுங்கள், ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்த மாடல்கள் 100 வோல்ட்டில் ஓடுபவை.

ஃப்யூஸ் போயிருந்தால் கொஞ்சம் பெரிய ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். ஃப்யூஸுக்குப் பதில் அடுத்து டிரான்ஸ்ஃபார்மர் எரியும், பல மாடல்களுக்கு அதே டிரான்ஸ்ஃபார்மர் இனி கிடைக்காது.

அடுத்தது, சத்தத்தை வைத்தே தீர்ப்பு சொல்வது. வால்யூமைத் திருகும்போது கரகரவென்று கேட்கிறதா, ஒரு பக்க ஸ்பீக்கர் மட்டும் விட்டு விட்டுப் பாடுகிறதா, பெரும்பாலும் அது வால்யூம் கன்ட்ரோலில், செலக்டர் ஸ்விட்சில் அல்லது ரிலேயின் (ஆம்ப்ளிஃபயரை ஸ்பீக்கரோடு தானாக இணைக்கும் ஸ்விட்ச்) கான்டாக்டில் படிந்த அழுக்குதான், கான்டாக்ட் கிளீனரால் தீருகிற விஷயத்துக்காக நல்ல செட்டைத் தூக்கிப் போடாதீர்கள். இதற்கு நேர் எதிரானதும் உண்டு. நன்றாகப் பாடுகிற ஆம்ப்ளிஃபயரே உள்ளுக்குள் ஆபத்தாக இருக்கலாம். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, ஆன் செய்து ரிலே 'டிக்' என்று விழுந்த பிறகு ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை டிசி-யில் வைத்துப் பாருங்கள். சில பத்து மில்லிவோல்ட் பரவாயில்லை. வோல்ட் கணக்கில் வந்தால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் காயிலே (கம்பிச்சுருள்) கருகிவிடும். ரிலே விழவே இல்லை என்றால் டெர்மினலில் பூஜ்யம்தான் காட்டும், அதை நல்ல சேதி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஸ்பீக்கரில் கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம், தொட்டாலே பொடியாக உதிரும். அதைப் பார்த்துவிட்டு ஸ்பீக்கரே போச்சு என்று முடிவு கட்டுகிறார்கள். போனது ஓரம் மட்டும்தான், சரியான அளவு ஃபோம் வாங்கி ஒட்டினால் பழையபடி பாடும். கோனை இரு பக்கமும் சமமாக விரல் வைத்து மெதுவாக அழுத்துங்கள், உள்ளே உரசல் இல்லாவிட்டால் காயில் பெரும்பாலும் பிழைத்திருக்கிறது. கிழிந்த ஓரத்தோடு சத்தமாகப் பாட விட்டால்தான் அந்தக் காயில் உரசி உண்மையிலேயே வீணாகும்.

பிராண்டையும் அந்தக் காலத்து விலையையும் வைத்து முடிவெடுப்பதும் தவறு என்பேன். எந்தப் பாகம் போயிருக்கிறது, அது இன்றைக்குக் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. கெப்பாசிட்டர், பெல்ட், ஃபோம் எல்லாம் கிடைக்கும். 1970-களில் வந்த மராண்ட்ஸ் 2270 போன்ற ரிசீவர்கள் தனித்தனி டிரான்சிஸ்டர்களால் ஆனவை என்பதால் 50 வருடம் தாண்டியும் பழுது பார்க்க முடிகிறது. அப்புறம் வந்த பல ஆம்ப்ளிஃபயர்களில் இருக்கும் எஸ்டிகே ஐசி (ஸ்பீக்கரை ஓட்டும் பகுதி முழுவதும் ஒரே பாகத்துக்குள் அடங்கியது) போய்விட்டால் சிக்கல், சந்தையில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. ஹோம் தியேட்டர் ரிசீவரில் டிஜிட்டல் போர்டு போனால் நான் பணம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன், அது எத்தனை விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சரி.

பழுது எங்கே என்று பார்க்காமலேயே, "வயசான செட், எல்லா கெப்பாசிட்டரையும் மாற்றிவிடலாம்" என்று ஆரம்பிப்பவர்களிடமும் ஜாக்கிரதை. செலவு ஏறும், பழைய போர்டில் செம்புத் தடங்கள் சூட்டில் பெயர்ந்து புதுப் பழுது வரும், அசல் பழுது அப்படியே இருக்கும்.

செலவை ஒப்பிடும்போதும் ஒரு தப்புக் கணக்கு நடக்கிறது. அதே மாடல் செகண்ட் ஹேண்டில் இதைவிடக் குறைவாகக் கிடைக்கிறதே என்பார்கள். அதற்கும் இதே வயசுதான், இதே வேலை அதிலும் காத்திருக்கும். சர்வீஸ் செய்து விற்கப்படும் செட்டின் விலையோடு ஒப்பிடுங்கள். பழுதைக் கண்டுபிடிக்க எவ்வளவு, சரிசெய்ய எவ்வளவு என்று முன்கூட்டியே தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரச் சொல்லவும் தயங்காதீர்கள்.