செலுலோசைக் குளிரில் கரைப்போம்: ஆரம்பநிலையினருக்கான செய்முறை

எதையும் கரைக்க அடுப்பைத் தேடுவதுதான் நம் பழக்கம். தாவர நாரின் மூலப்பொருளான செலுலோசுக்கு அது பலிக்காது. இந்த முறையில் குளிர்தான் பாதி மருந்து. யாழ்ப்பாணத்து வெயிலில் அதைப் பிடித்து வைத்திருப்பதுதான் உண்மையான வேலை.

விஸ்கோசு இழை செய்யும் ஆலைகள் செலுலோசைக் கரைக்க நரம்பைப் பாதிக்கும் காபனிருசல்பைட்டைப் பயன்படுத்துகின்றன. சீனாவின் வூகான் பல்கலைக்கழகத்தில் லினா ஷாங் குழுவினர் வளர்த்தெடுத்த கரைப்பானில் இருப்பவை தண்ணீர், காஸ்டிக் சோடா, யூரியா மட்டுமே. பசுமைக் கரைப்பான் என்ற பெயரை நம்பிக் கையை விட்டுவிடாதீர்கள். காஸ்டிக் சோடா கண்ணைக் கெடுத்துவிடும். கண்ணாடியும் கையுறையும் அணிந்து, ஆசிரியர் துணையோடு ஆய்வுகூடத்தில் செய்யுங்கள்.

1. பனந்தும்பில் தொடங்க ஆசை வரும். வேண்டாம், லிக்னின் என்ற மரப்பொருளோடு பின்னிக் கிடக்கும் செலுலோசு இலகுவில் மசியாது. பஞ்சின் செலுலோசு மூலக்கூற்றுச் சங்கிலிகளோ மிக நீளமானவை. வீங்குமே தவிர முழுதாகக் கரையாது. மாத்திரைகளில் நிரப்பியாகச் சேர்க்கும் நுண்பளிங்குச் செலுலோசுத் தூளில் 3 கிராம் எடுங்கள்.

2. 81 கிராம் தண்ணீரில் 7 கிராம் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகப் போடுங்கள். கரைசல் சூடேறும். ஆறியதும் 12 கிராம் யூரியா சேருங்கள். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது.

3. ஐஸ் கட்டியை நன்றாக நொறுக்கி, மூன்று பங்கு ஐசுக்கு ஒரு பங்கு உப்பு கலவுங்கள். ஆனையிறவு உப்பே போதும். இக்கலவை −20 பாகை வரை இறங்கும். அதற்குள் முகவையை வைத்துக் கரைசலை −12 பாகைக்குக் கொண்டுவாருங்கள். பாடசாலை வெப்பமானிகள் பலவும் −10 உடன் நின்றுவிடும், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

4. தூளைக் கொட்டி, இடைவிடாமல் வேகமாகக் கலக்குங்கள். சில நிமிடங்களில் பால்நிறம் மறைந்து தெளிந்த, பிசுபிசுப்பான கரைசல் கிடைக்கும். குளிரில் காரமும் நீரும் செலுலோசுச் சங்கிலிகளோடு ஒட்டி, அவற்றுக்கிடையேயான ஐதரசன் பிணைப்புகளைப் பிரிக்கின்றன. யூரியா அவை மீண்டும் சேராமல் தடுக்கிறது. சூடேற்றினால் எல்லாம் கூழாக இறுகிவிடும். ஆகவே காலையிலேயே செய்து முடியுங்கள்.

5. இதில் 10 கிராமை வினாகிரியில் ஊற்றினால் செலுலோசு மென்கூழாகத் திரளும். நன்றாகக் கழுவுங்கள். உலர்த்த வேண்டாம், உலர்ந்தால் சங்கிலிகள் மறுபடி நெருங்கி, அவற்றை அடுத்து உடைக்கப்போகும் நொதியம் (என்சைம்) நுழைய இடமிருக்காது.

6. இனி செலுலோசுச் சங்கிலிகளை வெல்லமாக (சர்க்கரையாக) உடைக்கும் வேலை. ஒரு சோதனைக் குழாயில் அந்தக் கூழ், இன்னொன்றில் கரைக்காத தூள் 0.3 கிராம், மூன்றாவதில் எதுவுமில்லை. அப்பச்சோடாவால் pH 5 ஆக்கிய வினாகிரிக் கரைசலையும் ஒரே அளவு செலுலேசு நொதியத்தையும் மூன்றிலும் விட்டு, 50 பாகையில் சில மணிநேரம் வையுங்கள். மூன்றாவது குழாயைத் தவிர்க்கவே கூடாது: கடையில் வாங்கும் நொதியத் தூளில் வெல்லம் கலந்திருக்கக்கூடும்.

7. வடித்த நீரில் பெனடிக்ற் கரைசல் சேர்த்துக் கொதிநீரில் வையுங்கள். நீலம் செங்கட்டிச் சிவப்பை நோக்கி எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு வெல்லம் பிறந்திருக்கிறது.

மீந்த காரக் கரைசலை வினாகிரியால் நடுநிலையாக்கிய பிறகும் வளவில் ஊற்றாதீர்கள். நம் சுண்ணக்கல் நிலம் யூரியாவிலிருந்து வரும் நைத்திரேற்றை நேரே கிணற்றுக்கு இறக்கிவிடும். போத்தலில் அடைத்து ஆய்வுகூடப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.