கொடித்தோடை பூக்கிறது, காய்க்கவில்லையா?

போன மாதம் மட்டக்களப்புக் கல்லடியில் பக்கத்து வளவுத் தம்பி கூப்பிட்டார். வேலி முழுக்கக் கொடித்தோடைப் (பேஷன் புரூட்) பூ. கீழே மணலிலும் அள்ளுகிற அளவுக்கு வாடிய பூ.

"அண்ணன், ரெண்டு வருஷமாப் பூக்குது, ஒரு காய் பிடிக்கல்ல. மலட்டுக் கொடி போல, வெட்டட்டா?"

கத்தியை வைக்கச் சொல்லிவிட்டு, நாலு கொடியும் எங்கே எடுத்தது என்று கேட்டேன். மாமி வீட்டுக் கொடியில் வெட்டிய தடிகளாம். எனக்கு வயிறு எரிந்தது. அதே பிழையில் நானும் மூன்று வருடம் இழந்தவன்.

தண்ணீர், வெயில், எரு எல்லாருக்கும் தெரிந்தவை. விடுவோம். நாம் செய்கிற மற்றப் பிழைகளைச் சொல்கிறேன்.

ஒரே கொடியில் வெட்டிய தடிகள்

நம் பக்கத்துச் சூட்டுக்கு நன்றாக வருவது மஞ்சள் பழ இனம். அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. பத்துத் தடி நட்டாலும் பிறப்பில் அவ்வளவும் ஒரே கொடிதான். ஒன்றின் மகரந்தம் மற்றதில் பட்டும் பயனில்லை. மலைநாட்டு ஊதாப் பழத்துக்குப் பெரும்பாலும் இந்தச் சிக்கல் கிடையாது. அங்கே ஒரு கொடி போதும் என்பதைக் கேட்டுத்தான் இங்கே ஏமாறுகிறோம்.

நான் முதல் வருடம் கிணற்றுத் தண்ணீரைக் குறை சொன்னேன். அடுத்த வருடம் யூரியா போட்டேன், இலைதான் விரிந்தது. மூன்றாம் வருடம் ஆரையம்பதியில் உறவினர் வீட்டிலிருந்து, விதையில் முளைத்த கன்று ஒன்று கொண்டுவந்து வைத்தேன். அது பூத்த பிறகுதான் பழைய கொடிகளிலும் காய் தொங்கியது. தடி விற்றவர் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். இன்னும்கூட விற்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஒரே பழத்து விதைகளும் உடன்பிறப்புகள், சில சோடி ஒத்துவராது. வேறு வளவிலிருந்து ஒன்று எடுங்கள்.

தம்பியின் கொடியில் அன்றைக்கே கையால் மகரந்தம் சேர்த்துப் பார்த்தோம். மஞ்சள் இனத்தின் பூ நண்பகலை ஒட்டித்தான் விரியும். ஒரு மணிநேரம் பொறுத்தால் நடுவில் மகரந்தத்தை ஏற்கிற மூன்று சூல்முடியும் கீழே வளையும். வளையாமல் நிமிர்ந்தே நிற்கிற பூவை விட்டுவிட வேண்டும். என் வேலிப் பூவிலிருந்து மஞ்சள் தூளை விரலில் தொட்டு, மூன்று முடியிலும் பூசினேன். மகரந்தம் குறைந்தால் விதை குறையும். விதையைச் சுற்றித்தானே சாறு, பழம் உள்ளே வெறுமையாக இருக்கும். எட்டுப் பூவுக்கு நூல் கட்டினோம். ஒரு கிழமையில் ஆறு காய், பாக்களவில். தம்பி ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

பகலில் மருந்தடிப்பது

மகரந்தத்தைப் பூவுக்குப் பூ சுமப்பது கறுத்த பெரிய வண்டு. மருந்தில் அது செத்தால் காய் இல்லை. அது குடியிருக்கிற பட்ட மரத்தையும் விறகுக்கு வெட்டாதீர்கள். சின்னத் தேனீ மகரந்தத்தை எடுக்கும், பெரும்பாலும் சூல்முடியில் படாது.

மாரியில் கவலைப்படுவது

மழைத்துளி பட்டால் மகரந்தம் வெடித்துக் கெடும். கார்த்திகை, மார்கழியில் பூ கொட்டினால் பொறுங்கள். வேரடியில் மட்டும் தண்ணீர் தேங்கவிடாமல் மண்ணை மேடாக்கி வையுங்கள், அப்புறம் வேர் அழுகினால் கொடியே போய்விடும்.

கத்தரிக்கப் பயப்படுவது

பூ புதுத் தளிரில்தான் வரும். வெட்டுங்கள்.

பறிப்பது

வேண்டாம். பழுத்தது தானே விழும், காலையில் பொறுக்குங்கள்.